வால்டருக்குக் கன்னம் இல்லை

இந்த நிமிடம் ஸன்னாவின் கண்ணுக்கு நான் இரண்டு பேராகத் தெரிகிறேன். ஒருத்தி சற்று மேலே, ஒருத்தி சற்றுக் கீழே. இரண்டு பேரில் எவள் வாயைத் திறந்து பேசப் போகிறவள் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்னவோ. பேசுகிறவள் எவளாக இருந்தாலும் சரி, அவள் நானாக இருக்க வேண்டாம்.

ஐலா நீமி இப்படி நினைத்துக்கொண்டுதான் தேசிய முகக்காப்புத் தர ஆணையத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் மகளின் முகமூடி. பக்கத்து நாற்காலியில் பதின்மூன்று வயது ஸன்னா கம்பளித் தொப்பியை இடது புருவத்துக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, பூட்ஸிலிருந்து உருகி வழியும் பனி தரைவிரிப்பில் எதுவரை போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் ஊர் ஐஸ் தளத்தில் நடந்தது அது. ஐஸ் ஹாக்கி ஆட்டம். ஸன்னா கோல் கீப்பர். எதிரணிப் பெண் அடித்த ரப்பர் வட்டு நேராக முகமூடியின் கம்பிக் கூட்டில் வந்து மோதியது. வட்டு கூட்டுக்குள் நுழையவில்லை. அதை எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள். கூடுதான் முகத்துக்குள் நுழைந்தது. இடது கன்ன எலும்பு நொறுங்கியது. அதன் மேல் உட்கார்ந்திருந்த கண், தான் உட்கார்ந்த இடம் சரிந்துவிட்டதை இன்னும் ஒப்புக்கொள்ளாமல் தனியாக ஒரு உலகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

"விடு ஐலா, ஆட்டத்துல நடக்கறதுதானே," என்றான் கணவன். "ஸ்டிக்கர் இருக்கே, ஐலா," என்றது ஊர் ஹாக்கி சங்கம். முகவாய்க்கட்டைப் பக்கம் ஒட்டியிருந்த ஆணையத்தின் வெள்ளி நிற ஸ்டிக்கர் உண்மையிலேயே இருந்தது. அதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. சிறுமிகள் அளவில் அந்த ஸ்டிக்கர் பெற்ற கோல் கீப்பர் முகமூடி நாட்டில் அந்த ஒரு மாதிரிதான். ஸ்டிக்கர் பெற்றது ஒன்று இருக்கும்வரை, இல்லாததைப் போட்டுக்கொண்டு யாரும் தளத்தில் இறங்கக் கூடாது. ஸன்னாவின் இடத்தில் இப்போது ஜொஸ்லின் நிற்கிறாள். பத்து வயது. அதே மாதிரி முகமூடி. வருகிற சனிக்கிழமை ஆட்டம்.

ஐலா ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். தலைக்கு மேலுள்ள கண்ணாடியில் தினமும் காலையில் ஜொஸ்லினின் முகத்தைப் பார்க்கிறவள். அந்த முகத்திலிருந்து அந்த முகமூடியைக் கழற்ற வேண்டும். அவள் கேட்க வந்தது அவ்வளவுதான். அதற்காக ஒரு பகல் முழுக்கப் பனியில் வண்டியோட்டி, தலைநகர் ஒட்டாவாவுக்கு வந்திருந்தாள்.

"ஸாரி, ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டேன்," என்று வந்தாள் பெவர்லி ஸ்ட்ரௌட். ஆணையத்தின் முக ஆய்வாளர். வரவேற்பாளர் விடுப்பில் இருந்ததால் அந்த வேலையும் அவளுக்கே. "இந்த ஸாரி சும்மா மரியாதைக்கு. சட்டப்படி எங்க தப்பை ஒத்துக்கிட்டதா ஆகாது. இதை முதல்லயே சொல்லிடணும்னு எங்களுக்கு உத்தரவு. ஸாரி."

"பரவாயில்ல," என்றாள் ஐலா.

"உங்க 'பரவாயில்ல'யும் அப்படித்தானே? மன்னிச்சுட்டதா நாங்க எடுத்துக்கலாமா?"

ஐலா யோசித்தாள். இதற்குள்ளேயே ஒன்றை இழந்துவிட்டது போலிருந்தது.

அவர்களை முதலில் பட்டறைக்கு அழைத்துப் போனார்கள். அங்கே வெண்டல் என்ற தொழில்நுட்ப அலுவலர் பையைப் பிரித்து முகமூடியை எடுத்தார். நல்ல மனிதர். ஸன்னாவைப் பார்த்ததும் தன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மேப்பிள் மிட்டாயை எடுத்துக் கொடுத்தார். பிறகு கூட்டைத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"வளைஞ்சிருக்கேம்மா இது."

"ஆமா. அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"வளைஞ்சதைச் சோதிக்க விதியில்ல. சோதனைக்கு வர்ற முகமூடி குறையில்லாம இருக்கணும். வளைஞ்சதைச் சோதிச்சா வளைஞ்சதுன்னுதானே முடிவு வரும்? அது ஒருதலைப்பட்சம் இல்லையா?"

சொல்லிக்கொண்டே அவர் முகமூடியைப் பட்டறைப் பிடியில் மாட்டி முறுக்கினார். கம்பிகள் சின்னதாக முனகின. ஸன்னாவின் கன்னம் உள்ளே போன இடம், அந்தக் கையகலப் பள்ளம், மெதுவாக மேடேறி எழுந்து மற்ற கம்பிகளோடு சமமாக நின்றது. ஜனவரியில் நடந்ததற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அது. நிறுத்துங்கள் என்று கத்தியிருக்கலாம். ஆனால் அவர் அவ்வளவு கவனமாக, நாக்கை உதட்டோரத்தில் துருத்திக்கொண்டு, குழந்தையின் சைக்கிளைச் சரிசெய்கிறவர் போல வேலை செய்தார். அன்பாக வேலை செய்கிறவர்களிடம் கத்துவது எப்படி என்று ஐலாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"பாத்தீங்களா, புதுசு மாதிரி ஆயிடுச்சு," என்று வெண்டல் அதை ஸன்னாவிடம் காட்டினார்.

"ரெண்டுமே புதுசு மாதிரிதான் தெரியுது," என்றாள் ஸன்னா. அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

சோதனைக்கூடத்தின் நடுவில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு கம்பத்தின் மேல் உலோகத் தலை ஒன்று நின்றது. உள்ளே போன எல்லோரும் அதற்குக் காலை வணக்கம் சொன்னார்கள். "இவன்தான் வால்டர்," என்றாள் பெவர்லி. குரலில் ஒரு குழைவு. "நாட்டோட முகம்னு சொல்லுவோம். எந்த முகமூடி வந்தாலும் இவன் முகத்துலதான் மாட்டுவோம். பீரங்கி மாதிரி இருக்கே, அந்தக் குழாய்லேருந்து வட்டு வரும். முகத்துல சிவப்புப் பசை தடவியிருப்போம். முகமூடி உள்ளே அமுங்கி வால்டரைத் தொட்டா பசை ஒட்டிக்கும். ஒட்டினா தோல்வி. ஒட்டலேன்னா ஸ்டிக்கர். எவ்வளவு சுலபம் பாருங்க."

ஐலா அந்தத் தலையைப் பார்த்தாள். ஏதோ ஒன்று அதில் சரியாக இல்லை. வெகுநேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அதற்கு மூக்கு இல்லை. கன்னங்களும் இல்லை. நெற்றியிலிருந்து முகவாய் வரைக்கும் ஒரு கரண்டியின் பின்புறம் போல வழவழவென்று இருந்தது.

"மூக்கு எங்கே?"

"இருந்தது," என்றார் வெண்டல் பெருமூச்சோடு. "ஆரம்பத்துல நல்ல எடுப்பான மூக்கு. ஆனா பசை எப்பப் பாத்தாலும் மூக்குலேருந்துதான் ஒட்டிச்சு. முகமூடி செய்யறவங்க வந்து முறையிட்டாங்க. ஒரு மூக்குக்காக எங்க பொழைப்பே போகணுமான்னு. ஆணையம் அவங்க பக்கத்தையும் கேக்கணுமில்ல? கொஞ்சம் ராவினோம். அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். மூக்கு முடிஞ்சதும் கன்னத்துல ஒட்ட ஆரம்பிச்சுது."

"கன்னத்தையும் ராவிட்டீங்களா?"

"கலந்து பேசித்தான்," என்றாள் பெவர்லி சட்டென்று. "பொதுமக்கள் கருத்தும் கேட்டோம். யாரும் எழுதல. ஜனங்க அவங்கவங்க கன்னத்தைப் பத்தி அவ்வளவா யோசிக்கறதில்ல."

பக்கத்தில் ஹீட்டர் மேல் வட்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். வெண்டல் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பதம் பார்த்தார். சுடச்சுட இருந்த ரொட்டி போல அது லேசாக அமுங்கியது.

ஸன்னா முதல் முறையாகத் தானாகப் பேசினாள். "நாங்க வட்டை ஃப்ரீஸர்லதான் வெப்போம். இல்லேன்னா ஐஸ்ல துள்ளும்."

"எல்லா ஊர்லயும் அப்படித்தான் கண்ணு."

"ஃப்ரீஸர்ல வெச்சா கல்லு மாதிரி ஆயிடும்."

"அதேதான். நாங்களும் ஒரு தடவை உறைஞ்ச வட்டால அடிச்சுப் பாத்தோம்." வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "முகமூடி உடைஞ்சுபோச்சு. உடைஞ்சுபோன முகமூடியை வெச்சுக்கிட்டு சோதனையை எப்படி முடிக்கறது, நீயே சொல்லு?"

குழாய் ஒரு தும்மல் போட்டது. வட்டு பாய்ந்தது. ஐலாவின் உடம்பு தன்னையறியாமல் பக்கவாட்டில் ஒதுங்கியது. ஸன்னா அசையவில்லை. கோல் கீப்பர்கள் அசைய மாட்டார்கள், வருகிறதை முகத்தால் வாங்கிக்கொள்ளப் பழகியவர்கள். கூடு உள்ளே போனது. எல்லோரும் பார்க்க, வால்டருக்குக் கன்னம் இருந்திருக்க வேண்டிய வெற்றிடத்துக்குள் போய், யாரையும் தொடாமல், திரும்பி வந்தது. வெண்டல் முகமூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். சிவப்பு ஒரு புள்ளி இல்லை.

கூடத்திலிருந்த ஊழியர்கள் எல்லோரும் சுவரோரம் சாத்தியிருந்த ஹாக்கி மட்டைகளை எடுத்துத் தரையில் தட்டினார்கள். அடிபட்டு விழுந்த ஆட்டக்காரர் எழுந்து நின்றால் ஐஸில் தட்டுவார்களே, அந்தத் தட்டல். வால்டருக்காக.

"அப்ப என் பொண்ணு முகம் எப்படி உடைஞ்சுது?" என்று ஐலா கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது.

"நல்ல கேள்வி," என்றாள் பெவர்லி. "முகமூடி மேல தப்பில்லைன்னு முடிவாயிடுச்சு. இனி முகத்தைத்தான் பாக்கணும்."

முக ஆய்வு அறையில் ஸன்னாவைப் பல் மருத்துவர் நாற்காலி போன்ற ஒன்றில் உட்காரவைத்து, தொப்பியைக் கழற்றி, இரும்புக் கவைகளால் அளந்தார்கள். தையல் தழும்பு வெளிச்சத்தில் பளபளத்தது. பெவர்லியின் விரல்கள் மென்மையாகத்தான் இருந்தன. வலது பக்கத்தை அளந்ததும் அவள் முகம் மாறியது.

"ஸாரி. உங்க பொண்ணுக்குக் கன்ன எலும்பு இருக்கு."

"எல்லாருக்கும் இருக்குமே."

"வால்டருக்கு இல்லையே. இது நல்லா எடுப்பா வேற இருக்கு. உங்க வீட்டுப் பக்கமா?"

"எங்க பக்கம்தான்," என்றாள் ஐலா. சொல்லும்போது அவள் கை தன்னிச்சையாகத் தன் கன்னத்துக்குப் போனது. பின்லாந்திலிருந்து மரம் வெட்ட வந்த யாரோ ஒருத்தருடைய கன்னம். அதைப் போய் மகளுக்குக் கொடுத்தேனே என்று ஒரு கணம் உண்மையாகவே வருந்தினாள். வருந்திய பிறகு திடுக்கிட்டாள். வந்து இன்னும் அரை நாள் ஆகவில்லை, அதற்குள் இவர்கள் கணக்கில் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

பெவர்லி இடது பக்கத்தை அளந்தாள். மறுபடி அளந்தாள். பிறகு நிமிர்ந்து, ஒரு நல்ல செய்தி சொல்லப் போகிறவளின் முகத்தோடு சிரித்தாள்.

"இந்தப் பக்கம் ரொம்ப நல்லா இருக்கு. எலும்பு உள்ளே போனதுல, வால்டருக்குக் கிட்டத்தட்டப் பொருந்தி வருது. அடிபட்டதுக்கு அப்புறம் இவ தரத்துக்கு நெருங்கி வந்திருக்கா."

ஸன்னா வலது கன்னத்தைத் தொட்டு மெதுவாகக் கேட்டாள், "அப்ப இந்தப் பக்கம்?"

"அதைப் பத்திக் கவலைப்படாதே கண்ணு. நீ இன்னும் பல வருஷம் ஆடப்போற பொண்ணு."

விசாரணை பிற்பகலில் நடந்தது. நீண்ட மேசைக்குப் பின்னால் ஆணைய உறுப்பினர்கள். நடுவில் தலைவர் லாயிட் க்ரமண்ட். ஒரு காலத்தில் தொழில்முறை அணிகளில் ஆடியவர். எல்லோரும் அவரை இன்னும் ஆட்டக்காலச் செல்லப் பெயரில் க்ரம்மி என்றே கூப்பிட்டார்கள். அமைச்சர் வந்தாலும் அப்படித்தானாம்.

ஐலாவைப் பேசச் சொன்னார்கள். வழியெல்லாம் ஓட்டிக்கொண்டே அவள் மனத்துக்குள் எத்தனையோ வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள். எல்லாம் எங்கோ உதிர்ந்துவிட்டன.

"எங்க ஊர்ல ஜொஸ்லின்னு ஒரு பொண்ணு இதே முகமூடியைத்தான் போட்டுக்கிட்டு நிக்கறா. சனிக்கிழமை ஆட்டம் இருக்கு. நீங்க ஸ்டிக்கரை எடுத்தாத்தான் சங்கத்துல வேற முகமூடி போட விடுவாங்க. எடுத்துடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"அந்த ஜொஸ்லினுக்கு அடிபட்டிருக்கா?" என்று கேட்டார் க்ரம்மி.

"இல்ல. இன்னும் இல்ல."

"அப்ப முகமூடி நல்லா வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்றீங்க!"

மேசைக்கடியிலிருந்து மட்டைகள் தட்டும் சத்தம் கேட்டது. இங்கேயும் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள்.

க்ரம்மி எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நண்பர்களே, வெளியில ஒரு தப்பான நினைப்பு இருக்கு. முகமூடியோட வேலை முகத்தைக் காப்பாத்தறதுன்னு. நான் கேக்கறேன், அப்படின்னா சோதனை எதுக்கு? முகமூடியோட வேலை சோதனையில தேர்றது. அதை அது செஞ்சுடுச்சு. இன்னிக்குக் காலையிலகூட, வளைஞ்சு நிமிர்ந்த நிலையிலயும் செஞ்சிருக்கு. நம்ம வால்டரைப் பாருங்க. இத்தனை வருஷத்துல ஒரு காயம் உண்டா? ஒரு நாள் லீவு போட்டிருக்கானா? ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கானா? இந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபமில்ல. ஆனா ஒரு முகத்துக்காக ஸ்டிக்கரை எடுத்தா என்ன ஆகும்? மத்த ஸ்டிக்கர் மேல நம்பிக்கை போயிடும். நம்பிக்கை போனா பிள்ளைங்க பயப்படும். பயந்தா முகத்தைத் திருப்பும். திருப்பினா அடிபடும். ஆக, ஸ்டிக்கர் இருந்தா யாருக்கும் அடிபடாது. எடுத்தாத்தான் அடிபடும். அந்தப் பாவத்தை இந்த ஆணையம் சுமக்காது. என் காலத்துல முகத்துல ஒண்ணுமே போடாம ஆடினோம். இதோ, பாருங்க."

அவர் மேல்வரிசைப் பற்களைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முன்பக்கம் ஒரு பல்கூட இல்லாத வாயோடு தொடர்ந்து வெகுநேரம் உருக்கமாகப் பேசினார். முகமூடியைத் திரும்பப் பெறும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பது பற்றிய பகுதி அது என்று பெவர்லி பிற்பாடு சொன்னாள். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்கவில்லை. ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள்.

வெண்டல் முகமூடியை எடுத்து வந்தார். பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் புதியது ஒன்றை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, ஸன்னாவின் மடியில் வைத்தார். "இப்ப ரெட்டைப் பாதுகாப்பு. இவளும் சனிக்கிழமையே போட்டுக்கலாம்."

ஐலா கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். ஆனால் உறுப்பினர்கள் மேசையைச் சுற்றி வந்து, தரைவிரிப்பின் மேல் ஒருவர் பின் ஒருவராக நிற்கத் தொடங்கியிருந்தார்கள். க்ரம்மி பற்களைத் திரும்ப மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

"கை குடுக்கற வரிசை," என்று பெவர்லி காதோரமாகச் சொன்னாள். "ஆட்டம் முடிஞ்சா குடுப்போமில்ல, அதேதான். புகார் குடுத்தவங்க எல்லார் கையையும் குலுக்கி முடிச்சதும் புகார் முடிஞ்சதா அர்த்தம்."

ஸன்னா ஏற்கெனவே எழுந்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. வரிசையைப் பார்த்ததும் கால்கள் தாமாகப் போயின. க்ரம்மியின் கையைக் குலுக்கினாள். "நல்ல ஆட்டம்," என்றார் அவர். "நல்ல ஆட்டம்," என்றாள் அவள், அவருக்குச் சற்று இடதுபுறமாகப் பார்த்து. அடுத்தவரிடம் போவதற்குள் பெவர்லி வந்து தோளைத் தொட்டுத் தடுத்தாள்.

"ஸாரி கண்ணு. நீ சின்னப் பொண்ணு, உன் கை செல்லாது. அம்மா கைதான் வேணும்."

எல்லோரும் ஐலாவைப் பார்த்தார்கள்.

இவளுக்கு இதைப் பழக்கியது நான்தான், என்று ஐலா நினைத்தாள். ஏழு வயதில், படுதோல்வி அடைந்த ஒரு நாள், ஸன்னா உடைமாற்றும் அறையில் போய் ஒளிந்துகொண்டபோது கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் நிறுத்தினாள். அழுதுகொண்டாவது கை கொடுக்க வேண்டும். ஜனவரியில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போதுகூட, வட்டை அடித்த பெண் தேம்பிக்கொண்டு பக்கத்தில் வர, முகமெல்லாம் ரத்தத்தோடு ஸன்னா கையை நீட்டினாள். அன்று அந்த அரங்கமே எழுந்து நின்று தட்டியது. ஐலாவும் தட்டினாள். பெருமையாக இருந்தது. இந்த ஊர்களில் ஒருவர் குடிக்கலாம், கடன் வாங்கி ஏமாற்றலாம், மனைவியை விட்டு ஓடலாம். வரிசையில் நின்று கை கொடுக்காதவரைப் பற்றி மட்டும் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பேசுவார்கள்.

க்ரம்மியின் கை அவளுக்கு முன்னால் நீண்டிருந்தது. பெரிய, காய்ப்பேறிய, நட்பான கை. எத்தனையோ தடவை உடைந்து கூடிய விரல்கள். அதைப் பார்த்தால் வெறுப்பு வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நல்ல ஆட்டம், அம்மா," என்றார்.

ஐலாவின் கைகள் கோட்டுப் பைகளுக்குள் இருந்தன. அவை அங்கேயே இருந்தன.

"ம்மா," என்றாள் ஸன்னா. காது மடல்கள் சிவந்துவிட்டன. "ம்மா, கை குடும்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா."

"குடுத்துட்டு வா, போயிடலாம். ப்ளீஸ்ம்மா."

வரிசையின் கடைசியிலிருந்து யாரோ தலையை நீட்டி, "என்ன ஆச்சு, ஏன் நகரல?" என்று கேட்டார். க்ரம்மியின் கை அந்தரத்தில் நின்றது. அதை எப்படிப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தேவை வந்ததில்லை. அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு குழப்பம் தெரிந்தது.

பெவர்லி நெருங்கி வந்து, அக்கறையோடுதான் சொன்னாள். "இதோ பாருங்க, நீங்க கை குடுக்கலேன்னாலும் ஒண்ணும் மாறப்போறதில்ல. ஸ்டிக்கர் இருக்கும். ஜொஸ்லின் சனிக்கிழமை அதையேதான் போட்டுக்குவா. உங்க புகார் மட்டும் முடியாம அப்படியே கிடக்கும். வருஷக்கணக்கா. அதனால யாருக்கும் ஒரு லாபமும் கிடையாது."

அவள் சொன்னது முழுக்க உண்மை என்று ஐலாவுக்குத் தெரிந்தது.

"கிடக்கட்டும்," என்றாள்.